சந்தானத்தின் ஒற்றை நாற்காலி

சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சந்தானம் சாம்பாரைச் சுத்தம் செய்வார். கறிவேப்பிலை, வரமிளகாய், கரையாத பெருங்காயம், கடுகு எல்லாம் ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஏறித் தட்டின் ஓரத்துக்குப் போகும். அங்கே வரிசையாக நிற்கும். கடைசிக் கடுகும் வெளியேறிய பிறகுதான் பிசைய ஆரம்பிப்பார். அதற்குள் சோறு ஆறிப் போயிருக்கும்.

“தாளிக்காமலே ஊத்திரட்டுமா தம்பி?” என்று என் மனைவி சுப்பம்மாள் கரண்டியோடு நிற்பாள்.

“நீங்க தாளிங்க மதினி. எடுக்கது என் வேலை.”

கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் மெஸ். அதே வீட்டின் மாடி அறையில் அவர் குடியிருக்கிறார். ஊர் அம்பாசமுத்திரம். நானும் அந்தப் பக்கம் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். வைகாசி வெயிலில் கல்கத்தாவே வேர்த்து ஒழுகிக்கொண்டு நடக்கும்போது இவர் பழுப்பு நிற ஸ்வெட்டரோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். முனை வெற்றிலைக் கடைக்காரர், “சந்தானம் பாபு, ஷீத் லாக்சே?” என்று, குளிருகிறதா என விசாரிப்பார். இவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். “கழத்தணும்னு நெனச்சேன் அண்ணாச்சி, மறந்துட்டு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரோடேயே படி ஏறுவார்.

கார்டன் ரீச்சில் ஆற்றோரம் ஓர் ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. மெஷினுக்குச் சூடு ஆகாது என்று அறையை ஐஸ் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் அதற்காக. ஆட்களுக்கு வெளியே மின்விசிறி. அதுவும் லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்தாத நேரத்தில்.

அவர் வேலை என்ன என்பதைப் பல நாள் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெஷினை எழுப்பி வேலை வாங்குகிற ஆதாரப் புரோகிராம் ஒன்று உண்டு. அதற்குக் கர்னல் என்று பெயர். டிஸ்க், பிரிண்டர், மேசைகளில் திரையோடு இருக்கும் டெர்மினல்கள் எல்லாம் கர்னல் வழியாகத்தான் மெஷினோடு பேசும். விற்கிற கம்பெனி எவனெவன் என்னென்ன பூட்டியிருப்பானோ என்று எல்லாச் சாமானையும் சேர்த்து ஒரே கர்னலாகச் செய்து டேப்பில் அனுப்பிவிடுகிறது.

“ஊருக்கே சமைச்சு அனுப்பியிருக்கான் அண்ணாச்சி. நம்ம மெஷினுக்கு வயிறு சின்னது. அம்புட்டையும் உள்ள போட்டா அதுக்கு மூச்சு முட்டும். நம்மகிட்ட என்ன இருக்கு, எந்த இடத்துல சொருகியிருக்குன்னு பாத்து எழுதணும். இல்லாததை எல்லாம் எடுத்துரணும். அதுக்கப்புறம் கர்னலைப் புதுசாக் கட்டணும். கட்டி முடிக்க அரை நாள் ஆகும். நாளைக்கே ஒருத்தர் இன்னொரு பிரிண்டர் வாங்கிட்டு வருவார். மறுபடியும் கட்டணும்.”

“எழுதாம விட்ட சாமானை யாராவது கொண்டு வந்து சொருகினா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“லைட் எரியும். உள்ள விசிறி சுத்தும். ஆனா மெஷினுக்கு அது இல்ல. கண்ணு முன்னால நின்னாலும் இல்லதான்” என்றார், கடுகைப் பொறுக்கிக்கொண்டே.

அவர் அறையையும் அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. முன்பு எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. அவர் மனைவி ஷியாமளா, தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள், திரும்பி வரவில்லை. சண்டை என்று ஒன்றும் எங்கள் காதில் விழுந்ததில்லை. பாஷை தெரியாத ஊரில், விளக்கில்லாத வீட்டில், மெஷின் எழுந்த பிறகு வருகிற மனுஷனுக்காக உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போயிருப்பாள். அடுத்த காளி பூஜைக்கு இவர் இரண்டாவது கட்டிலையும் நாற்காலியையும், பூஜை நடத்துகிற தெருப் பையன்களின் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்.

“என்ன தம்பி இது?” என்று கேட்டேன்.

“இல்லாத ஆளுக்கு எதுக்கு அண்ணாச்சி நாற்காலி?”

செவ்வாய்க்கிழமைதோறும் காளிகாட் கோயிலுக்குப் போய் வருவேன். காளி சந்நிதிக் குங்குமம் இரண்டு பொட்டலம் வாங்குவேன். ஒன்று சுப்பம்மாளுக்கு. மற்றதை இவரிடம் நீட்டினால், “யாருக்கு?” என்று கேட்டுவிட்டு அப்படியே என் கையில் திருப்பி வைப்பார். அடுத்த செவ்வாயும் நான் இரண்டுதான் வாங்குவேன்.

போன துர்க்கா பூஜைக்கு முந்தின வாரம் பக்கத்து மருந்துக் கடைப் போனுக்கு ஊரிலிருந்து டிரங்கால் வந்தது. சந்தானம் ஆபீஸில் இருந்ததால் நான் போய் எடுத்தேன். ஷியாமளாதான் பேசினாள். வியாழக்கிழமை மெட்ராஸ் வண்டியில் ஹௌரா ஸ்டேஷனில் இறங்குகிறாளாம்.

“அவுக வந்து கூப்பிட்டா இருப்பேன் அண்ணாச்சி. இல்லேன்னா மறுநாள் வண்டியில திரும்பிருவேன். இதை அப்படியே சொல்லிருங்க.”

அப்படியே சொன்னேன். சாம்பாரில் இருந்த விரல் நின்றது.

“வாராளா?”

“வாராளாம்.”

“வியாழக்கிழமை லீவு போட்டுருதேன். புது டிஸ்க் ஒண்ணு வந்திருக்கு. அதை மாட்டி, கர்னலைக் கட்டி, புதன் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்” என்றார். அன்றைக்குப் பாதிக் கடுகு சாம்பாரிலேயே கிடந்தது.

புதன்கிழமை அவர் வீட்டுக்கு வரவில்லை. வியாழன் காலைப் பலகாரத்துக்கும் காணோம். டிபன் கேரியரில் இட்லி வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கார்டன் ரீச் போனேன். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவருடைய தேய்ந்த செருப்பும் அங்கே கிடந்தது. வெளியே ஹாலில் டெர்மினல்கள் எல்லாம் இருண்டிருக்க, குமாஸ்தாக்கள் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே சந்தானம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் முன்பலகை கழற்றிக் கிடந்தது. அவர் மேலதிகாரி தத்தா பாபு, நல்ல மனுஷர், கதவைத் திறந்து, “ஹோலோ?” என்று கேட்டார். ஆயிற்றா என்று அர்த்தம். “ஹோபே” என்றார் இவர், நிமிராமல். ஆகும் என்று அர்த்தம். நான் இருந்த வரையில் இது நடந்துகொண்டே இருந்தது.

“என்ன தம்பி ஆச்சு?”

“புதுக் கர்னல் எந்திச்சு நிக்க வரைக்கும் பழசைத் தூக்கிப் போடக் கூடாது அண்ணாச்சி. ஓரமா வச்சிருக்கணும். இங்க எல்லாருக்கும் அதைப் படிச்சுப் படிச்சுச் சொன்னவன் நான். நேத்து டிஸ்க்ல இடம் இல்ல. ஸ்டேஷனுக்குப் போகணுமேன்னு அவசரம். பழசை அழிச்சிட்டேன்.”

“புதுசு?”

“புது டிஸ்கை அதுல எழுதினேன். சரி, பழைய டிஸ்க் இனி போயிரும்லான்னு அதைக் கர்னல்ல இருந்து எடுத்துட்டேன். கை பழக்கம்.” கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “ஆனா புதுசுல இன்னும் ஒண்ணும் ஏத்தலை. சகலமும் பழைய டிஸ்க்லதான் இருக்கு. அதுல இருந்துதான் மெஷின் கிளம்பணும். அந்த டிஸ்க் பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருக்கு, சத்தம் கேக்குல்லா? மெஷின் அதைத் தெரியாதுங்குது.”

கேட்டேன். ஓயாத ஒரு இரைச்சல்.

கம்பெனிக்காரன் கொடுத்த டேப் பீரோவில் இருந்ததாம். அதிலிருந்து அந்தப் பெரிய கர்னலை, ஊருக்கே சமைத்ததை, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். பாதியில் கரண்ட் போய் இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

“வண்டி மத்தியானம் வந்துரும்” என்றேன்.

“நீங்க போய்க் கூட்டிட்டு வந்துருங்களேன்.”

“உன்னையில்லா வரச் சொன்னா?”

எழுந்து நின்றார். வாசல் வரை வந்து செருப்பில் ஒரு காலை விட்டார். ஹாலில் டீக் குவளையோடு இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். காலை வெளியே எடுத்தார்.

“இதை ஏத்தத் தெரிஞ்சவன் இங்க நான் ஒருத்தன்தான் அண்ணாச்சி. கரண்ட் போனா யாரு பாக்கது?” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். இட்லியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நான் ஹௌராவுக்கு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் முருகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

பிளாட்பாரத்தில் கூட்டம் கலைந்த பிறகு ஷியாமளா தெரிந்தாள். தகர டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள்.

“மெஷினா?” என்றாள்.

“ஆமா தாயி.”

“சரி. மதினி கையால ஒரு வாய் சாப்பிட்டுட்டு, நாளைக்கு வண்டிக்குக் கிளம்புதேன்.”

சட்டைப் பையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

“அவுக குடுத்து விட்டாகளா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நான் வாங்கினதும்மா. காளிகாட்” என்றேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி லோட்ஷெடிங். மெஸ்ஸில் மெழுகுவத்தி ஏற்றி, ஷியாமளாவுக்குத் தட்டு வைத்தாள் சுப்பம்மாள். டிரங்குப் பெட்டி வாசல் பக்கமே இருந்தது; மேலே கொண்டுபோக அவள் சம்மதிக்கவில்லை. அப்போது சந்தானம் வந்தார். ஸ்வெட்டர் உடம்பில்தான் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மெஷின் எந்திச்சிட்டா?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

“எந்திச்சிட்டு. கம்பெனிக்காரன் குடுத்த பெருசுதான் ஓடுது.”

“அதைச் சுருக்காம வர மாட்டியளே.”

“சுருக்கல. மெள்ளத்தான் ஓடும். எல்லாத்துக்கும் அதுல இடம் இருக்கு, கெடக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்.” பெட்டியை மறுபடி பார்த்து, “ஸ்டேஷனுக்கு வந்திருக்கணும்” என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

“தட்டு வைக்கட்டுமா தம்பி?” என்றாள் சுப்பம்மாள்.

“இந்தா வாரேன் மதினி.” என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இதை எடுத்துக்கிடட்டா?”

எதை என்று நான் கேட்பதற்குள், பிடித்துக்கொண்டிருந்த இரும்பு நாற்காலியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மெழுகுவத்தி வேண்டாம் என்று கை காட்டினார். அந்த இருட்டுப் படிக்கட்டில் நாற்காலி சுவரில் மோதி மோதி மேலே போகிற சத்தம் கீழே எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.