கமராவுக்குப் போட்ட துவாய்

அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சைக்கு வயதெல்லை முப்பத்தைந்து. எனக்கு அது முடிய நாலு மாதம் இருந்தது. இரண்டு தரம் கோட்டை விட்டவள். மூன்றாவதும் போனால் ஆயுளுக்கும் அண்ணை வீட்டுச் சோறுதான். வழிகாட்டல் வகுப்பில் ஒரு தாள் தந்தார்கள். இடப்பக்கம் உங்கள் பலம், வலப்பக்கம் உங்களுக்குத் துணையாக இருப்பவர்கள். இடப்பக்கம் 'பிடிவாதம்' என்று எழுதினேன். வலப்பக்கத்தை வெறுமனே விட்டேன். வீம்புக்கு இல்லை, உண்மையிலேயே ஒருவரும் தோன்றவில்லை.

அண்ணை வீட்டில் படிக்க இடமில்லை. எங்கள் ஊர் கரம்பொனில் வேலிக்கு அடுத்த வீட்டார் கனடாவில், வீட்டுத் திறப்பு என்னிடம். பின்னேரம் ஐந்து மணிக்குப் போய், கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பது என் வேலை. அதோடு அங்கேயே மேசையில் கொப்பியை விரிப்பேன். கூடத்து மூலையில் அவர்கள் சுவரில் பூட்டிவிட்ட கமரா. நான் நடந்தால் அதன் தலை மெதுவாகத் திரும்பும். ஆள் அசைந்தால் திரும்பும் சாமான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லைற் விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. நான் சுவிச்சைத் தொடுவதில்லை. கொப்பியை விரித்த கையோடு மேசைக்கு மேலே லைற் எரியும். பிந்திப் போனால் பிந்தி எரியும்.

ஒருநாள் கணக்கின் நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன். மூலையிலிருந்து ஒரு இருமல். பிறகு நைந்துபோன பெண்குரல்.

"எழும்பு பிள்ளை. கணக்கு முடியேல்லை."

செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். அடுத்த நாள் நல்ல வெயிலில் போய்க் கமராவுக்கு மேலே ஒரு துவாயைப் போட்டு மூடினேன். பேயோ கமராவோ, என்னைப் பார்க்காவிட்டால் சரி. அதோடு லைற்றும் தானாக எரிவது நின்றது. நானே சுவிச்சைப் போட்டுப் படித்தேன். என் பிடிவாதம் எனக்குப் போதும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்க, அந்த வீட்டு அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

"அம்மா முந்தநாள் செத்துப்போனா. துடக்கு, சாமிக்கு விளக்கு வைக்காதையும்." பிறகு தொடர்ந்தார். "படுத்த படுக்கையா இருந்தவ. எங்களுக்கு விடியிற நேரம், நீர் படிக்கிறதைப் போனிலை பாத்துக்கொண்டு கிடப்பா. லைற்றும் அவதான் போனிலை போடுறவ. ஒருநாள் நீர் நித்திரையாப் போக, அதிலையே கூப்பிட்டு எழுப்பினவ. ஒரு மாதமா ஒண்டும் தெரியேல்லை எண்டா. கமரா பழுதாக்கும் எண்டு நாங்கள் சொன்னம். இல்லை, என்ரை கண்தான் போயிட்டுது எண்டு சொல்லிச் சொல்லியே போனவ."

நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். துவாயைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்தேன்.

அன்று பின்னேரம் துவாயை இழுத்தெடுத்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. கமரா சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. கொப்பிக்குள் கிடந்த அந்தத் தாளை எடுத்து, வலப்பக்கத்தில் 'அடுத்த வீட்டு அம்மா' என்று எழுதினேன்.

எழுதி முடிய, மேசைக்கு மேலே லைற் எரிந்தது.

கனடாவில் அந்தப் போன் யாருடைய கையில் இருந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கொப்பியை விரித்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைச் செய்யத் தொடங்கினேன்.