நந்தவனமும் அத்தை காத்த அடுப்பும்

என் தம்பி பிறந்த கதையை எங்கள் குடும்பத்தில் பலரும் பலவாறு சொல்கின்றனர். சொல்பவர் மாறுந்தோறும் அதில் மரங்கள் பெருகுகின்றன. சென்ற ஆண்டு தம்பியின் மகள் கருவுற்றபோது, அவள் கணவர் தம் அடுக்குமாடி வீட்டின் முகப்பில் தொட்டிச்செடிகளை நெருக்கி அடுக்கி, நடுவே ஒரு நாற்காலியையும் இட்டு, "உங்கப்பா பிறந்த மாதிரியே நம்ம பிள்ளையும் பிறக்கணும்ல" என்று சொல்லி அவளை நாள்தோறும் அங்கே அமர்த்தினாராம். அவருடைய அன்பில் குறையில்லை. அவரிடம் வந்து சேர்ந்த கதையில்தான் பாதியைக் காணோம். நடந்ததை உடனிருந்து கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. ஆகவே, நினைவு தெளிவாயிருக்கும்போதே இதனை எழுதி வைப்பது கடமையாகிறது.

அது எழுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மதுரைத் தெற்குவாசலை ஒட்டிய ஒரு குறுகிய சந்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டின் பின்சுவரை அடுத்து ஓர் அரிசி ஆலை இருந்தது. உமியை எரித்து நெல் அவிப்பார்கள். அதன் கரித்தூள் காற்றில் மிதந்து வந்து, அம்மா காலையில் வெளுத்து உலர்த்திய வேட்டியை மாலைக்குள் சாம்பல் நிறமாக்கிவிடும். சந்தின் மறுமுனையில் லாரிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை. அங்கிருந்து வேறுவகைப் புகை வரும். சந்து முழுவதிலும் பச்சையென்று சொல்லத்தக்கது எதிர்வீட்டுக் கதவுக்குப் பூசிய வண்ணம் ஒன்றுதான்.

அப்பா அஞ்சலக எழுத்தர். அவருடைய தமக்கையாகிய அத்தை, இளமையிலேயே கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்தார். எந்த நாளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதில் சந்து முழுவதற்கும் அவர் சொல்லே முடிந்த முடிபு.

எனக்குப் பின் அம்மாவுக்கு இரு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் நாள் நிறையுமுன்னரே, மிகச் சிறியனவாகப் பிறந்து, தங்காமற் போயின. என்னிடம், அவற்றை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரம்போல என்றேனும் ஒருநாள் திரும்பி வரும் என்று நானும் இருந்துவிட்டேன். பெரியவர்கள் அப்படி இருந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் உறவினர் கூடி, அம்மா செய்த பிழை எதுவென்று ஆராய்ந்தனர். பப்பாளி தின்றாள் என்றார் ஒருவர். உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நின்றாள் என்றார் மற்றொருவர். எங்கள் சந்தில் புளியமரம் எங்கே இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. அம்மாவும் மறுத்துப் பேசவில்லை.

எனக்குப் பின் மூன்றாம் முறையாக அம்மா கருவுற்றபோது, மருத்துவர் அம்மையார் அம்மாவின் இருமலைக் கேட்டார். வீடு இருக்கும் இடத்தையும் கேட்டார். "இந்தப் புகையில இருந்தா எப்படிம்மா? பிள்ளை பிறக்கிற வரைக்கும் மரஞ்செடி இருக்கிற எடமாப் பாத்து இருங்க. தண்ணிக்கொடம் தூக்காதீங்க. காலையில சாயங்காலம் மெதுவா நடங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படிப்பட்ட இடம் ஒன்று எங்களுக்கு இருக்கவே செய்தது. அம்மாவின் தம்பி, வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அப்பால், கோயிலொன்றுக்குப் பூக்கொடுக்கும் தோட்டத்தைப் பராமரித்து, அதனுள்ளேயே ஓட்டு வீடொன்றில் தனியே வாழ்ந்து வந்தார். பூந்தோட்டம் என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆயினும் அதை எல்லாரும் நந்தவனம் என்றே வழங்கியதால் அவ்வாறே எழுதுகிறேன். இடம் இருந்தது, வழிதான் இல்லை. கருவுற்றவள் வீடு மாறலாகாது என்பது எங்களிடையே மீறப்படாத வழக்கம். வளைகாப்புக்கு முன் பிறந்தகம் சென்று தங்கினாலோ, கணவனோடு பூசலிட்டுச் சென்றாள் என்பார்கள்.

ஒரு ஞாயிறன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டம்மாளும் வந்து கூடத்தில் அமர்ந்துகொண்டார்.

"மாசமா இருக்குறவள வீடு மாத்துனா ஆகுமாக்கா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்று அத்தையிடம் கேட்டார் அவர்.

மாமா அத்தையைப் பார்த்து, "மதினி, வீடுங்கிறது எது? செவரா, ஓடா?" என்றார்.

"என்ன தம்பி, பட்டிமன்றம் நடத்த வந்தியா?"

"இல்ல மதினி, தெரியாமத்தான் கேக்குறேன். புதுவீட்டுக்குப் போனா மொதல்ல அடுப்பப் பத்தவச்சுப் பால் காய்ச்சுறோம்ல. அப்ப அடுப்பு எரியிற எடந்தான வீடு? அக்கா கையால மூட்டுன அடுப்பு இங்க அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா, அக்கா எப்படி வீடு மாறுனதாகும்? எங்கிட்ட விருந்தாடியா வந்திருக்கா. அம்புட்டுத்தான்."

அப்பா சிரித்துவிட்டார். "மாப்ள, நீ பூப்பறிக்கப் போயிருக்கக் கூடாது. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சிருப்பேன் மச்சான். வாத்தியாருதான் ஒத்துக்கல."

அத்தை சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்ற அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எதிர்வீட்டம்மாளின் பக்கம் திரும்பி, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி, "தம்பி சொல்றது நாயந்தான். அடுப்பு அணையக் கூடாது. அத நான் பாத்துக்கிறேன். இவ திரும்புற வரைக்கும் நான் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்" என்றார்.

அத்தையை வாதத்தில் வென்றவர் என்ற பெருமை அன்று மாமாவுக்குக் கிட்டியது. அதைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லி மகிழ்ந்தார்.

ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் அம்மா அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சினார். அந்த நெருப்பின் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்து, மறுநாள் அதிலிருந்தே அடுத்த நெருப்பை எழுப்புவதென்று முடிவாயிற்று. அம்மாவைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். மாமா பக்கத்தில் நடந்தபடியே ஒவ்வொரு குழியையும் ஓட்டுநருக்கு முன்கூட்டி அறிவித்து வந்தார்.

"அண்ணே, பள்ளம்ணே, பாத்துப் போங்க."

"தம்பி, தெற்குவாசல்ல பள்ளமில்லாத எடம் எதுன்னு மட்டும் சொல்லு. மத்தத நானே பாத்துக்கிறேன்."

நானும் அப்பாவும் அத்தையோடு சந்திலேயே இருந்தோம்; எனக்குப் பள்ளி இருந்தது. ஞாயிறுதோறும் அப்பா என்னைத் தம் மிதிவண்டியில் அமர்த்தி நந்தவனத்துக்கு அழைத்துச் செல்வார். வேலியைக் கடந்ததும் வெயில் சட்டென்று தணியும். நடுவே பெரிய கிணறு. அதைச் சுற்றிப் புன்னையும் மகிழும் வேம்பும் வில்வமும் நின்றன. அவற்றுக்கு அப்பால் நந்தியாவட்டையும் அரளியும் மல்லிகையும் பாத்திபாத்தியாக இருந்தன. கிணற்று நீர் வாய்க்காலில் ஓட, அதன் கரையோரமாக அம்மா காலையிலும் மாலையிலும் நடப்பார். பகலில் மகிழமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் உறங்குவார். அம்மா பகலில் உறங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் மாதத்திலேயே இருமல் நின்றது. "இங்க துணி வெள்ளையாவே காயுதுடி" என்று ஒருமுறை என்னிடம் வியப்போடு சொன்னார். மாமாவின் சமையலை உண்ணும்போதெல்லாம், "தம்பி, கொளம்புல உப்பு எங்கடா?" என்பார். "தேடிச் சாப்பிடுக்கா, கெடைக்கும்" என்பார் மாமா. அம்மா வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு சற்றுப் பொறாமையும் எழுந்தது. தையில் தெப்பத்திருவிழாவுக்காக வைகை நீரைக் குளத்தில் நிரப்பியபோது, அந்த ஈரக்காற்று நந்தவனம் வரை வந்தது. அம்மாவின் கன்னங்கள் நிரம்பியிருந்தன.

ஆயினும் ஒவ்வொரு ஞாயிறும் நான் புறப்படும் வேளையில், அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "அடுப்பு எரியுதாடி?" என்று கேட்பார். "எரியுதும்மா" என்பேன். அதன்பிறகே கையை விடுவார்.

மாசியில் ஒருநாள் பள்ளி அரைநாளோடு முடிந்தது. நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எழுந்து அடுப்பிடம் சென்று, வெறுங்கையை அதன் அடிவரை விட்டுச் சாம்பலை அள்ளினார்.

"அத்த, கங்கு சுடலையா?"

"எந்தக் கங்கு?"

"அம்மா மூட்டுனது."

"அது அணைஞ்சு எம்புட்டு நாளாச்சு. கார்த்திகை மழையில ஓடு ஒழுகி அடுப்பெல்லாம் தண்ணியாச்சுல்ல, அன்னைக்கே போச்சு. அப்புறம் தெனமும் தீப்பெட்டிதான். ஓரமா வா, சட்டிய மிதிச்சிராத."

சட்டியைத் தாண்டி ஓரமாக வந்தேன். "அப்ப பாப்பா?"

அத்தை ஒரு சட்டியைத் துலக்கிக் கவிழ்த்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "யாரு கேட்டாலும் எரியுதுன்னு சொல்லு. உங்கம்மாகிட்டயும் அப்படியே சொல்லு. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும், எங்கத்ததான் அணைய விட்டுருச்சுன்னு சொல்லிரு. எல்லார் முன்னாடியும் சொல்லணும். சத்தமாச் சொல்லணும்."

அந்த வேளையில் சந்தில் செருப்பொலி கேட்டது. அத்தை விரைந்து தேங்காய் நாரை அடுப்பிலிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். புகை கூடம்வரை பரவியது.

"என்னக்கா, அடுப்பு எரியுதா?" என்றார் வாயிலில் நின்ற எதிர்வீட்டம்மாள்.

"எரியாம? உள்ள வந்து பாரு."

"எதுக்குக்கா, பொகையே சொல்லுதே" என்று கண்களைத் துடைத்தபடி அவர் திரும்பிவிட்டார்.

அடுத்து வந்த ஞாயிறுகளை நான் அச்சத்தோடு கழித்தேன். அம்மா கேட்டபோதெல்லாம் "எரியுது" என்றேன். அவர் கை என்னை விட்டது. என் நெஞ்சு மட்டும் என்னை விடவில்லை. அத்தை மீது எனக்குக் கடுஞ்சினம். ஊருக்கெல்லாம் வழக்கம் கற்பிப்பவர், தாம் ஏற்ற ஒரே வேலையைக் கைவிட்டதோடு, அதைப் பற்றிக் கவலையுமின்றிப் பாத்திரம் துலக்குகிறாரே என்று எண்ணினேன்.

பங்குனியில், நாள் நிறைந்த பின்னரே, தம்பி பிறந்தான். மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்த எங்களுக்கு அவன் அழுகை கதவுக்கு வெளியே கேட்டது. செவிலியர் அவனைக் கொண்டுவந்து, அமர்ந்திருந்த என் மடியில் வைத்து, "பாத்துப் பிடிம்மா, நல்ல கனம்" என்றார். உண்மையிலேயே கனத்தான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று நெடுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசிக்குப் பின் முதன்முறையாக அத்தை அன்றுதான் சந்துக்கு வெளியே வந்தார். "எங்கக்கா அடுப்பக் காத்ததுக்குப் பலன் இது" என்றார் உடன்வந்த எதிர்வீட்டம்மாள். "என் யோசனை எப்படி மதினி?" என்றார் மாமா. "ஒனக்கு மூளை சாஸ்திதான் தம்பி" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார் அத்தை. நான் மட்டும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பசுமை சூழ்ந்த இடத்தில் வாழும் கருவுற்ற பெண்டிருக்கு நல்ல எடையுள்ள குழந்தைகள் பிறத்தல் கூடும் என்று அறிஞர்கள் இக்காலத்தில் ஆராய்வதாகப் படிக்கிறேன். அதனை ஆயும் தகுதி எனக்கில்லை. நான் கண்டது ஒரு தாயையும் ஒரு குழந்தையையும் மட்டுமே. மரங்கள் இருந்தன என்பது மெய். அங்கே உமிப்புகை இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை, பகலுறக்கம் இருந்தது, குற்றம் கேட்க எவரும் வரவில்லை என்பனவும் மெய். இவற்றுள் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துக் காட்ட என்னால் இயலாது. தொட்டிச்செடிகளின் நடுவே அமர்த்தப்பட்ட பெண்ணுக்கும், செடிகளைவிட அந்த ஓய்வே கூடுதலாக உதவியிருக்கலாம்.

அன்று எனக்கு விளங்காதது வேறொன்று. பல்லாண்டுகளுக்குப் பின் நான் கருவுற்று, என் புகுந்த வீட்டார் ஆளுக்கொரு விலக்கைச் சொல்லத் தொடங்கிய நாளில்தான் அது விளங்கிற்று. குழந்தை தங்காத வீட்டில் பழி எவர் தலையிலேனும் இறங்கியே தீரும். இருமுறை அது அம்மாவின் தலையில் இறங்கியதை அத்தை அருகிருந்து கண்டவர். மூன்றாம் முறையும் அது வந்தால் எங்கே இறங்க வேண்டும் என்பதை அவர் முன்னரே முடிவு செய்திருந்தார். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தவள் நான்தான். ஒன்பது வயதில் நான் அதை அலட்சியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

காலம் நெடிது கடந்துவிட்டது. இக்குறிப்பில் பிழைகள் நேர்ந்திருக்கலாம். ஆலை இருந்த திசை, நந்தவனத்து மரங்களின் பெயர்கள், குளத்தில் நீர் நிறைந்த பருவம் ஆகியவற்றில் தவறு காண்போர் அருள்கூர்ந்து எனக்கு எழுதித் திருத்துக. அந்தச் சந்தில் வாழ்ந்தவர் எவரேனும், எங்கள் அத்தையின் அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை என்று எழுதுவாராயின், அதனையும் நன்றியோடு ஏற்பேன். அவ்வாறு நம்புவதற்குரியவராகவே அத்தை அங்கே வாழ்ந்தார்.