பாட்டில்லாமல் இழுத்த வலை

மனைவி இறந்தபின் நானும் மகளும் மட்டும்தான். நான் கூச்சக்காரன், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்.

மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த மாதங்களில், எங்கள் வீட்டின் முன்னால் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள், இழுக்கும்போது வழக்கமாகப் பாடும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்னைப் பிடிக்கவில்லையென்றே எண்ணினேன்.

ஒருநாள் வலைச் சொந்தக்காரரிடம் சொன்னேன்: "நாளைக்கு நான் வரேல்ல, அண்ணை. என்னோட ஒருதரும் கதைக்கினமில்லை."

"விசர்க் கதை கதையாதை! உன்ர பெட்டை சோதினைக்குப் படிக்கிறாள். நாங்கள் கத்தினால் அவளுக்குப் படிக்க ஏலுமே? ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியேல்ல!" என்று அவர் அடங்கிய குரலில் ஏசினார்.

கயிற்றைப் பிடித்திருந்த எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். இப்போது தனியே சாப்பிடுகிறேன். அத்தனைபேர் பக்கத்தில் நின்ற நாட்களிலும், அவர்களிடம் ஏனென்று ஒரு வார்த்தை கேட்காமல், நானே என்னைத் தனியாக்கிக்கொண்டதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.