நெட் எங்கும் போகவில்லை

வெள்ளவத்தை பிளாட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். என் கணினிக்குள் இன்னொரு கணினி ஓடும். வேர்ச்சுவல் மெஷின் என்பார்கள். வேலை முழுக்க அதற்குள்தான். அன்று காலை அப்டேட் முடிந்து திறந்தால், அதில் நெட் இல்லை.

குசினியில் மனைவி, கனடாவிலிருக்கும் தன் அக்காவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"கோலைக் கட் பண்ணும். எனக்கு நெட் வருதில்லை."

"கொஞ்சம் பொறுங்கோப்பா."

"நெட் முழுக்க நீர்தான் இழுக்கிறீர்!"

அவள் போனை வைத்தாள்.

ரவுட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். கூகிளில் தேடித் தேடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மத்தியானமாகிக் களைத்த பிறகுதான் கண்டேன்: வேர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் இணைப்பை அப்டேட் கழற்றிவிட்டிருந்தது. ஒரு டிக் போட்டதும் வந்துவிட்டது. வீட்டு நெட்டுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காலை முழுக்க அதே நெட்டில்தானே கூகிள் பார்த்தேன்!

"இப்ப எடுத்துக் கதையும்" என்றேன்.

"அங்க இப்ப சாமம். விடிய அக்காவுக்கு ஒப்பரேசன். பயமாக் கிடக்குதெண்டு எடுத்தவ."

அக்கா சுகமாகிவிட்டார். ஆனாலும் மனைவி கதைத்துக்கொண்டிருக்கையில் என் அறைக் கதவு திறந்தால், அவள் விரல் இன்றும் தானாகவே கோலை நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது.