மலகாசி வரவேற்பும் என் டிபன் கேரியரும்

தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் எந்த மொழியும் நாக்கில் ஏறிவிடும் என்று நம்பியவன் நான். எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் நெல் அரைக்கும் மெஷின் வாங்க மடகாஸ்கரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும், "அவர் பாஷையிலேயே வரவேற்கிறேன் சார்" என்று மேனேஜரிடம் வாயை விட்டேன்.

"சொதப்பினா ஆர்டர் போயிடும்யா" என்றார்.

கப்பலில் வேலை பார்த்திருந்த வெல்டர் ஏசுபாதம் அந்த ஊர் பாஷையான மலகாசியைச் சொல்லிக்கொடுத்தார். 'ஓ' என்று எழுதினால் 'ஊ' என்று படிக்க வேண்டுமாம். கடைசி உயிரெழுத்தைப் பாதி விழுங்க வேண்டுமாம். விடைபெறும்போது சொல்வதை எழுதினால் 'வெலோமா', சொன்னால் 'வெலூம்'. சோறு 'வாரி', காதில் விழுவது 'வார்'. பஸ்ஸையே பஸ்ஸு என்று இழுக்கிற நாக்கு எதை விழுங்கும்?

"இன்னா நைனா, முழுங்கச் சொன்னா இழுத்துக்கினே போற?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

விருந்தாளிக்கு மாலை விழுந்ததும் என் மண்டை காலி. வணக்கம்கூட வரவில்லை. மேனேஜர் முறைத்த முறைப்பில், மிச்சமிருந்த ஒரே சொல்லை உளறினேன்: "வார்."

அவர் முகம் மலர்ந்தது. வெளிநாட்டுக்காரர் என்று மெட்ராஸிலிருந்து வரவழைத்த பிரெட்டையும் கட்லெட்டையும் தள்ளிவிட்டு, சோறு எங்கே என்று கை ஜாடையிலேயே கேட்டார்.

"அவங்க ஊர்ல மூணு வேளையும் சோறுதான்" என்றார் ஏசுபாதம், சாவகாசமாக.

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றார் மேனேஜர்.

என்ன பேசுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு, அவர் என்ன சாப்பிடுவார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

என் டிபன் கேரியர் விருந்தாளி முன்னால் போயிற்று. கருவாட்டுக் குழம்போடு வழித்துச் சாப்பிட்டார். ஆர்டர் கிடைத்தது. அன்று மத்தியானம் நான் அந்த பிரெட்டைத் தின்றேன்.