பதின்மூன்று புறப்பட்டது, பத்து வந்தது

சந்தனம் சூடேறினால் ஒரு வாசனை வரும். கோயில் வாசனை இல்லை. கோயிலுக்குள் யாரோ பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் ஏற்றிவிட்ட வாசனை. போன வாரம் பேருந்தில் ஓட்டுநர் பக்கமிருந்து அது வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நாலைந்து வருடம் இருக்கும். திண்டுக்கல்லில் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு வியாழக்கிழமை ஒரு பெண் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகள் எரியோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் கன்னியர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருகிற ஞாயிறு அங்கே பிள்ளைகளுக்குப் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு, பூ முடி, கையில் மெழுகுவத்தி. படமெடுக்கப் போவது நான்.

"அண்ணே, பூசை முடிஞ்சு பதினொன்றரை பஸ்ஸுக்கு நா கெளம்பிருவேன். திங்கக்கெழம வேல. எம்புள்ள படம் அப்பவே கைல வேணும். போன்ல அனுப்புறேன்னு சொல்லிராதீக. போன் படத்தச் செவுத்துல மாட்ட முடியாது."

"கைல தாரேம்மா," என்றேன். என் வாய் எப்போதும் என் கைக்கு நாலு எட்டு முன்னால் நடக்கும்.

அவர் போனபிறகுதான் யோசித்தேன். அந்த ஊர் மாதா கோயிலின் மின்சார லைன் மைக் செட்டுக்கே மூச்சு வாங்கும். பிரிண்டரைச் சொருகினால் சாமியாரின் பிரசங்கம் பாதியில் நிற்கும். லேப்டாப் பழுதாகி மூலையில் கிடந்தது. மிச்சமிருந்தது ஸ்டூடியோவின் கனத்த கம்ப்யூட்டரும் அதைவிடக் கனத்த பிரிண்டரும். இரண்டையும் என் பழைய வேனுக்குள் ஏற்றிவிட்டால்? வேனின் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்தால்?

மனைவியின் அண்ணன் ஆட்டோ எலக்ட்ரீஷியன். போனில் சொன்னதும் இரண்டு நிமிடம் சிரித்தார். மூன்றாவது நிமிடம், "ஒரு நல்ல இன்வெர்ட்டரும், எம்புட்டுத் தடியா கெடைக்குதோ அம்புட்டுத் தடியா ஒயரும் வாங்கி வை மாப்ள. பேட்டரி முனைய நல்லாச் சொரண்டித் தொடச்சு, ஒயர மாட்டி முடுக்கி வை. சனிக்கெழம வாரேன்," என்றார்.

வாங்கினேன். சுரண்டினேன். மாட்டினேன். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்து பின் சீட்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரைக் கயிற்றால் கட்டினார், சந்தைக்குப் போகும் ஆட்டைக் கட்டுவதுபோல. திரை ஒளிர்ந்தது. வேனுக்குள் ஒரு நீல வானம்! நான் கை தட்டினேன். அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் கனைத்தது, வானம் அணைந்தது.

"வண்டி எந்திரிச்சா இது படுத்துருது," என்றார். "ஸ்டார்ட் ஆகுற நேரத்துல எல்லாக் கரண்டையும் மோட்டார் குடிச்சிரும். மொதல்ல வண்டிய எடு, பெறகு இதப் போடு. நடுவுல அணைக்காத. அம்புட்டுத்தான்."

அப்படியே செய்தோம். கம்ப்யூட்டர் விழித்திருந்தது. பிரிண்டருக்கு ஒரு படம் அனுப்பினேன். அது உறுமிச் சூடேறத் தொடங்கியதும் மறுபடி எல்லாம் இருட்டு. இன்வெர்ட்டர் மட்டும் பசித்த பூனைபோலக் கத்திக்கொண்டிருந்தது. மூன்று முறை. மூன்று முறையும் அதே பூனை.

மச்சான் மீட்டரை எடுத்தார். பிரிண்டரை ஓடவிட்டுப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார், பதின்மூன்று வோல்ட். இன்வெர்ட்டரின் வாயில் வைத்தார், பத்து.

"அங்க பதிமூணு கெளம்புது, இங்க பத்துதான் வருது. மூணு எங்க எறங்குச்சு மாப்ள? வேடசந்தூர்லயா?"

நான் வானத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மச்சானின் மூக்கு பேட்டரியை நோக்கி ஊர்ந்தது. வயரின் முனை வளையத்தைத் தொட்டவர் விரலை உதறினார். அணைத்துக் கழற்றினார். வளையத்துக்கு அடியில், முனையின் தலையில், பொரிந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூசைக்கு என் மனைவி வைத்த பொட்டு.

"சொரண்டித் தொடைன்னு சொன்னேனா இல்லையா?"

"சுத்தித் தொடச்சேன் மச்சான். பொட்ட எப்படி அழிக்கிறது? பூச முடிஞ்சு ஒரு வாரங்கூட ஆகல."

"பொட்டு மேலயே ஒயர வச்சு முடுக்கிட்டியா? காஞ்ச சந்தனத்துக்குள்ள கரண்டு எப்படிய்யா போகும்?"

ஏசிவிட்டு உப்புத்தாளை எடுத்தார். எடுத்த கை பொட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. அவர் பட்டறையிலும் ஸ்பானர் முதல் ஸ்டூல் வரை அந்த வாரம் பொட்டோடுதான் இருந்தன. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு ஆம்பிளைகள், ஒரு பொட்டு. "தங்கச்சியக் கேட்ருவோம்," என்றார்.

மனைவி வாசலுக்கு வந்து, விஷயத்தைக் கேட்டு, இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பொம்பளைக்கு வாக்குக் குடுத்துட்டு இங்க பொட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறீகளா? அழிங்கண்ணே. சாமிட்ட நா பேசிக்கிறேன்."

அழித்தார். ஈயம் பளபளத்தது. பிரிண்டர் உறுமியது, ஒரு படம் வழுவழுவென்று நாக்கை நீட்டியது. பேட்டரி மூடியின் மேல் மச்சான் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். "இங்க எம்புட்டு வேணாலும் வச்சுக்க. இங்க கரண்டு நடமாட்டம் இல்ல."

ஞாயிறு பூசை நீண்டது. பிள்ளைகள் வெளியே வரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணின் மகளைத்தான் முதலில் நிறுத்தினேன். இரண்டு பல் இல்லாத சிரிப்பு, கேமரா கூசியது. கோயில் வாசலில் நிறுத்தியிருந்த வேனுக்கு ஓடினேன். எஞ்சின் மெதுவாக ஓடினால் மின்சாரம் சோரும் என்று மச்சான் ஓட்டுநர் இருக்கையில் ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தார்.

"மிதிங்க மச்சான்!"

வேன் நின்ற இடத்திலேயே கர்ஜித்தது. புறப்படப்போகிறது என்று நினைத்து ஒரு பெரியவர் கதவைத் திறந்து, பையோடு பிரிண்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"எரியோடு போகுமாப்பா?"

"எங்கயும் போகாதுய்யா," என்றார் மச்சான், காலை எடுக்காமல்.

"பெறகு எதுக்கு இம்புட்டு மிதிக்கிற?"

தூரத்தில் பேருந்தின் ஹார்ன். பிரிண்டர் மஞ்சளை ஏற்றியது, பிறகு சிவப்பை, பிறகு நீலத்தை. எனக்கு ஒவ்வொரு நிறமும் ஒரு யுகம். நீலம் ஏறியதும் சிறுமி முழுசாக வந்தாள். சூடு ஆறாத படத்தோடு ஓடி, படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். முந்தானையால் படத்தின் ஓரத்தைத் துடைத்தார், அதில் தூசியே இல்லாதபோதும். பேருந்து நகர்ந்தது. மகள் வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக ஓடினாள்.

"எம்மா, பைக்குள்ள போட்டு மடக்கிராத!"

"மடக்க மாட்டேன்டி. நீ போய்ச் சாப்புடு!"