கேட்டில் கழற்றிய காப்பு

தாயில்பட்டிப் பக்கத்தில் நான் திரி வெட்டப் போகும் பட்டாசுக் கம்பெனியில், கேட்டில் ஆட்களைச் சோதனை போடும் வேலை கற்பகவல்லிக்கு. தீப்பெட்டி, செல்போன், கொலுசு எதுவும் உள்ளே போகக் கூடாது. சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக்கூட விடமாட்டாள். அப்படி ஒரு கறார்.

அவள் புருஷன் மாரிசாமிக்கு அங்கேயே வெடிமருந்து கலக்கும் வேலை. காரியாபட்டிப் பக்கம் மடம் வைத்திருந்த பெத்தணன் சாமிதான் இருவருக்கும் குரு. குரு என்றால் போதாது, பெருமாளே இறங்கி வந்திருக்கிறார் என்பாள். அவர் மூக்கைச் சிந்துவதைச் சொல்லி, "பெருமாளுக்குச் சளி பிடிக்குமாடி?" என்று கேலி பேசுவேன். இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டாள்.

அந்தச் சாமி மாரிசாமிக்கு ஓர் ஐம்பொன் காப்பு போட்டுவிட்டார். "இது கையில இருக்குற மட்டும் நான் உங்கூட இருப்பேன்" என்றாராம். ஆனால் கம்பெனிச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. தினமும் காலையில் அவளே அதைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி மேசை டிராயரில் வைப்பாள். சாயங்காலம் அவளே போட்டுவிடுவாள்.

போன சித்திரையில் மருந்து ரூம் வெடித்தது. மாரிசாமியைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். காப்பு டிராயரில் பத்திரமாக இருந்தது.

"நானே கழட்டி வச்சுட்டேனே" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. சோறு தண்ணி இறங்கவில்லை. அவளும் போய்விடுவாள் என்றே பயந்தோம்.

கருமாதியன்று சாமி வந்தார். ஊரே திரண்டு நின்றது. அவர் காலில் விழுந்து அவள் கேட்டாள்: "நான் கழட்டாம இருந்திருந்தா அவுகளக் காப்பாத்தியிருப்பீகளா சாமி?"

விதி, கர்மா என்று எதையாவது சொல்லி மழுப்புவார் என்று நினைத்தேன். மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல தாயி. அது சாத்தூர்க் கடையில வாங்குன காப்பு. நான் அவதாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊரு சொன்னுச்சு, கேக்க நல்லா இருந்துச்சு, மறுக்காம இருந்துட்டேன். தப்பு பூரா எம்மேல. நீ செஞ்சது சரிதான்."

ஊர் காறித் துப்பிவிட்டுக் கலைந்தது. மடத்துக்கு இப்போது யாரும் போவதில்லை. எனக்கு மட்டும் அன்றுதான் அவரைக் கும்பிடத் தோன்றியது.

அன்று ராத்திரி நான் பிசைந்து கொடுத்த சோற்றில் கற்பகவல்லி இரண்டு வாய் வாங்கினாள். அப்பாடா, பிழைத்துவிடுவாள் என்று மூச்சு விட்டேன். மூன்றாவது வாயை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்ப உள்ள போறப்ப அவுக கூட யாருமே இல்லையாக்கா?"

இத்தனை வருஷம் கேலி பேசிய வாய். பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தேன்.